துவாதசிக்கு மூன்றாம் நாள்

பூஜை அறையிலிருந்து சௌரிராஜனின் குரல் வந்துகொண்டிருக்கிற வரைக்கும் பயமில்லை. குளித்துவிட்டு மணையில் உட்கார்ந்தார் என்றால் முப்பத்தைந்து நிமிஷம், ஒரு நிமிஷம் கூடாது, ஒரு நிமிஷம் குறையாது. முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களின் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை போட்ட இன்ஸ்பெக்டர்; பெருமாளையும் எடை போட்டுத்தான் கும்பிடுவார். அந்த முப்பத்தைந்து நிமிஷம் அவர் பெண்டாட்டி செங்கமலத்துக்குச் சொந்தம். இந்த வீட்டில் அவளுக்கென்று எழுதி வைத்தது அது ஒன்றுதான். துவரம்பருப்பு டின்னுக்குப் பின்னாலிருந்து மெஷினை எடுத்து மேடைமேல் வைத்தாள். இடது கையை வெந்நீரில் காட்டித் துடைத்து, கீழே தொங்கவிட்டு உதறினாள், ரத்தம் விரல் நுனிக்கு இறங்கி வரட்டும் என்று. ஸ்ட்ரிப்பைச் செருகினதும் மெஷின் ஒரு தரம் கூவிவிட்டுச் சூடாக ஆரம்பித்தது. அந்தக் கூவலை எப்படி அமுக்குவது என்று மகள் நப்பின்னை கோயம்புத்தூரிலிருந்து ஃபோனில் சொல்லிக்கொடுத்தாள், இவளுக்குக் கைவரவில்லை, அதனால் மேலே ஒரு கைப்பிடித் துணியைப் போட்டு மூடிக்கொள்வாள். குறைஞ்சிருக்கணும். ஊசிப் பேனாவை மோதிர விரலின் பக்கவாட்டில் வைத்து அழுத்தும்போது அதைத்தான் சொல்லிக்கொண்டாள், குறைஞ்சிருக்கணும், ஒண்ணரைக்குக் கீழ இருக்கணும், பெருமாளே, இன்னிக்கு ஒரு நாள் குறைச்சுக் காட்டு. உள்ளே அவரும் அதே பெருமாளிடம்தான் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் கேட்பது என்ன மாதிரியான வரம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நெஞ்சைப் பிளந்து, சின்ன வயசுக் காய்ச்சலில் சுருங்கிப்போயிருந்த வால்வை எடுத்துவிட்டு, உலோகத்தில் ஒன்று வைத்துத் தைத்தார்கள். உலோகத்தைக் கண்டால் ரத்தம் சும்மா இருக்காது, அதன்மேல் உறைந்து படியப் பார்க்கும். படிந்தால் வால்வு சிக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் ஒரு துணுக்கு பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போகும். அதனால் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, சாகிற வரைக்கும். அது கூடினால் பல்லீறில் ரத்தம் கசியும், தொட்ட இடம் கன்றிப்போகும். குறைந்தால் கட்டி. ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டுகிற எண்ணுக்கு ஐ.என்.ஆர். என்று பெயர், அவளுக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். அவளைப் போல வால்வு வைத்துக்கொண்ட மற்றவர்கள் எல்லாரும் அந்த நடுவுக்காகத்தான் வேண்டிக்கொள்வார்கள். அவள் நடுவைத் தாண்டிக் கீழே போகட்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்கிறாள். பைத்தியக்காரி என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். ஒன்பது நாள் வாயில்லாமல் படுத்திருந்து பார்த்தால் அவர்களும் வேண்டிக்கொள்வார்கள்.

துளி பெரிதாகத் திரளவில்லை. விரலைப் பிதுக்கக் கூடாது, பிதுக்கினால் எண் தப்பாக வரும், நப்பின்னை தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். இவள் அவசரத்தில் பிதுக்கிவிட்டாள். மெஷின் இன்னொரு தரம் கூவிவிட்டு, எண்ணுக்குப் பதிலாக ஒரு எழுத்தைக் காட்டிற்று, தப்பு என்று அர்த்தம். போயிற்று ஒரு ஸ்ட்ரிப். டப்பாவில் இன்னும் ஒன்றுதான் பாக்கி. உள்ளே குரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, பாதிகூட ஆகவில்லை, நிதானம், நிதானம். தண்ணீர்க் குடத்தைக் காலையில் தூக்கியதிலிருந்தே ஒரு மூச்சுமுட்டல். அதுவும் இல்லாமல் காலையிலிருந்து வீட்டில் என்னவோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது தெரியாது, நின்றால்தான் தெரியும், அந்த மாதிரி ஒரு குறைச்சல். ஃபிரிட்ஜைத் தொட்டுப் பார்த்தாள், ஓடிக்கொண்டுதான் இருந்தது. கையை மறுபடியும் வெந்நீரில் காட்டினாள்.

ஒன்பது நாள். போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாம்பாரைக் கிளறக் கரண்டியைக் கேட்கப் போய் ஜன்னல் என்றாள். திருத்திச் சொல்லப் பார்த்தால் மறுபடியும் ஜன்னல். அப்புறம் அதுவும் வரவில்லை. துணுக்கு ஒன்று மூளைக்குப் போய்ச் சொல் இருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டதாம். கை கால் எல்லாம் நன்றாக இருந்தது. காது அதைவிட நன்றாக இருந்தது, அதுதான் பாவம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, வந்தவர்கள் போனவர்கள் எல்லாரிடமும் அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் கேட்டாள். “மாத்திரைய நாக்குக்கு அடியில வச்சுக்கிட்டு அப்புறம் துப்பியிருப்பா. நான் எண்ணி எண்ணித்தான் குடுக்கிறேன், வாயைத் தொறந்து பாக்கவா முடியும்?” முதலில் டாக்டரிடம் சொன்னார், அப்புறம் பக்கத்துக் கட்டில்காரியின் மாமனாரிடம், அப்புறம் அவருடைய அக்கா வைதேகியிடம். வைதேகி அக்காவிடம் சொன்னால் போதும், தஞ்சாவூரில் நாலு தெருவுக்கு போஸ்டர் ஒட்டின மாதிரி. அவள் கட்டிலுக்குக் குனிந்து, செவிடிக்குச் சொல்வது போல உரக்கச் சொன்னாள், “ஏம்மா இப்படிப் பண்ணுன? அவன் உனக்காக எவ்வளவு பாடுபடுறான்.” செங்கமலத்தின் வாய்க்குள் ஒரு சொல் முட்டிக்கொண்டு நின்றது, ஒரே ஒரு சொல், மூன்றே எழுத்து. ஒன்பதாவது நாள் அதுதான் முதலில் திரும்பி வந்தது. “இல்ல” என்றாள். வலிக்குதா என்று நர்ஸ் கேட்டதற்குப் பதில் சொல்கிறாள் என்று எல்லாரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார். அந்தக் கைதட்டலை அவள் மறக்கவில்லை, மறக்கவும் போவதில்லை.

அவர் எண்ணுவது என்றால் சும்மா எண்ணுவது இல்லை. மாத்திரை அட்டையின் முதுகில் ஒவ்வொரு குழிக்கும் பின்னால் தேதி எழுதி, ‘சௌ’ என்று சின்னதாகக் கையெழுத்து. முத்திரை இல்லாத கல்லைக் கடையில் வைத்திருந்தால் பிடுங்கிக்கொண்டு போன மனுஷன், பெண்டாட்டியின் மாத்திரைக்கும் முத்திரை போட்டார். ரிட்டையரான அன்றைக்கு ஆபீஸில் கொடுத்த பித்தளைக் கல் செட்டை ஞாயிற்றுக்கிழமைதோறும் எலுமிச்சம்பழம் போட்டுத் துடைப்பார். கார்த்திகை முடிந்து வீட்டுக்கு வந்த வாரம், அதிலிருந்து ஐந்து கிராம் கல்லை எடுத்து அவள் துவரம்பருப்பு டின்னுக்குள் பருப்புக்கு அடியில் புதைத்தாள். மூன்று நாள் வீட்டைப் புரட்டித் தேடினார். பீரோவை நகர்த்தினார், அக்காவிடம் சொல்லிப் புலம்பினார். “நீ பாத்தியா?” என்று அவளைக் கேட்டார். “இல்ல” என்றாள், திரும்பி வந்த அதே சொல்லை வைத்து. இன்றைக்கும் அந்தப் பெட்டியைத் திறந்தால் அந்த ஒரு குழி காலியாக இருக்கும், அவர் அதைப் பார்ப்பதை அவள் பார்ப்பாள், அன்றைக்குக் காப்பி அவளுக்குக் கூடுதலாக இனிக்கும். சின்னப் புத்திதான். பெரிய பழிக்குச் சந்தர்ப்பம் வருகிற வரைக்கும் சின்னப் புத்தியை வைத்துத்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

பெரிய பழியை அவளுக்குக் கொடுத்தது காலண்டர். அவர்தான் தினசரி காலண்டரில் தாள் கிழிப்பார், வேறு யாரும் தொடக் கூடாது. பூஜை முடிந்ததும் கிழித்து, அடுப்படிக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் அவள் கையில் கொடுப்பார், முதுகுப் பக்கம் வெள்ளையாக இருப்பதால் சாமான் சீட்டு எழுத ஆகும் என்று. தை மாசம் நப்பின்னை மெஷினை அனுப்பினாள், பக்கத்து வீட்டு விலாசத்துக்கு. “அப்பாகிட்ட சொல்லாதம்மா. அவருக்குத் தெரிஞ்சா மெஷின் சரியா இருக்கான்னு அதுக்கும் முத்திரை கேப்பாரு. நீயே எடுத்து நீயே எழுதி வை.” அவள் எழுதுவதற்குக் கைக்குக் கிடைத்தது கிழித்த தாள்கள். எண்ணைப் பின்னால் எழுதிப் பலகாரப் புத்தகத்துக்குள் செருகி வைத்தாள். பங்குனிக் கடைசியில் ஒரு நாள் புத்தகம் விழுந்து தாள்கள் சிதறின. பொறுக்கும்போது குறைந்த எண்களை மட்டும் ஒதுக்கினாள், ஒன்று எட்டு, ஒன்று ஏழு, ஒன்று ஒன்பது, ஆறு தாள். புரட்டினால் முன்பக்கத்தில் பௌர்ணமி, அமாவாசை, பௌர்ணமி, அமாவாசை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் புத்தி பேதலிக்கும் என்பார்கள், ரத்தமுமா பேதலிக்கும் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் நாளைப் பின்னால் எண்ணினாள், சதுர்த்தசி, திரயோதசி, துவாதசி. துவாதசியில் விரல் நின்றது.

துவாதசி என்றால் இந்த வீட்டில் அகத்திக்கீரை. முதல் நாள் ஏகாதசிக்குப் பச்சைத் தண்ணீரும் பாலும்தான், மறுநாள் விடிந்ததும் நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய், ஒரு சட்டி அகத்திக்கீரை, விரதத்தை முடித்துக்கொள்ள. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நின்று அவர் வேண்டிக்கொண்டாராம், இவள் பிழைத்து வந்தால் இரண்டு பேரும் ஆயுசுக்கும் ஏகாதசி இருக்கிறோம் என்று. வேண்டுதல் அவருடையது, வயிறு அவளுடையது. அந்த வேண்டுதலால்தான் நீ பிழைத்தாய் என்று ஒன்பது வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லி வருகிறார். பட்டினி கிடந்தால் எண் ஏறும், மாத்திரையின் வேலையைக் கெடுக்கிற கீரையைத் தின்றால் எண் இறங்கும், மாசத்தில் இரண்டு தரம் அவள் ரத்தம் ஊஞ்சல் ஆடியிருக்கிறது. லேபில் எடுக்கிற அன்றைக்கு ஊஞ்சல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்குத் தக்கபடி டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், குறைத்தார். கீரை சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்காமலா இருந்தார்? ஒவ்வொரு தரமும் கேட்டார். ஒவ்வொரு தரமும் சௌரிராஜன் முந்திக்கொண்டார், “கீரையே வீட்டுக்கு வாங்குறதில்ல டாக்டர்.” அதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை. முருங்கைக்கீரை, அரைக்கீரை, முளைக்கீரை எல்லாவற்றையும் ஆபரேஷன் ஆன மாசமே நிறுத்திவிட்டார், கீரைக்காரியைத் தெருமுனையிலேயே விரட்டினார். அகத்தி அவருக்குக் கீரைக் கணக்கில் வரவே இல்லை. அது துவாதசி. அது பெருமாள் காரியம். அவளும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தலையை ஆட்டினாள், ஆமாம் டாக்டர், கீரையே இல்லை என்று. எட்டு வருஷம் ஆட்டினாள். அந்தத் தலையை நினைத்தால் இப்போதும் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும். அதை மட்டும் அவள் அதிக நேரம் நினைக்க மாட்டாள். தன் பங்கைத் தள்ளி வைத்துவிட்டு அவர் பங்குக்குத் திரும்பி வந்துவிடுவாள், அங்கேதான் மனசுக்கு இதமாக இருந்தது. நான் தெரியாமல் தலை ஆட்டினேன். அவருக்கும் தெரியாதுதான், ஆனால் அவர் சும்மா இருக்கவில்லையே, என்னைத் துப்பினவள் என்றாரே, வாயில்லாமல் கிடந்தபோது சொன்னாரே.

பங்குனியிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள்கூட. ஆறு தாளை வைத்துக்கொண்டு போனால் அவர் என்ன சொல்வார் என்று அவளுக்கு மனப்பாடம். “ஆறை வச்சு என்ன தெரியும்? மெஷின் சரியா இருக்குன்னு யார் சொன்னா?” ஒரு கல்லைப் பத்துத் தரம் நிறுக்காமல் தப்பு என்று எழுத மாட்டார் அவர். சரி, பத்தும் ஆகட்டும், மேலே ஒன்றும் போட்டுக்கொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் வந்த நாலு துவாதசியிலும் அவர் வாங்கி வந்து போட்ட கீரையைத் தெரிந்தே ஆய்ந்தாள், தெரிந்தே வதக்கினாள், அவர் எதிரில் உட்கார்ந்து தெரிந்தே தின்றாள். கசப்பு நாக்கில் இறங்கும்போது, எழுது, இன்னொரு தாள் எழுது என்று தோன்றும். நப்பின்னை ஃபோனில் எண் கேட்டால் ரெண்டே முக்கால் என்பாள். மூன்று நாளைக்கு முன்னால் வந்த துவாதசிக்கு அவர் ஊரில் இல்லை, திருவாரூரில் ஒரு கிரகப்பிரவேசம். அன்றைக்குக் கீரை சாப்பிடாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இவள் செருப்பை மாட்டிக்கொண்டு மார்க்கெட் வாசலுக்குப் போய் இரண்டு கட்டு வாங்கி வந்தாள். இன்றைக்குப் பதினோரு மணிக்கு டாக்டரைப் பார்க்கிற நாள் என்பது அதற்கு முன்னாலேயே குறித்திருந்தது. பௌர்ணமியும் டாக்டரும் ஒரே நாளில் வருவது லேசில் அமையாது. ஒரு சட்டி முழுக்கத் தனியாக உட்கார்ந்து தின்றுவிட்டுப் பயத்தில் வாசல் வரைக்கும் நடந்து நடந்து பார்த்தாள், கரண்டி என்றாள், ஜன்னல் என்றாள், கரண்டி, தட்டு, டம்ளர், நப்பின்னை, சௌரிராஜன். எல்லாம் ஒழுங்காக வந்தது. இந்த ஒரு தரம்தானே, இன்னிக்கு எண் வந்துவிட்டால் அப்புறம் செத்தாலும் கீரையைத் தொடுவதில்லை என்று முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

கடைசி ஸ்ட்ரிப். இந்தத் தரம் பிதுக்கவில்லை, விரலைத் தொங்கவிட்டுத் துளி தானாகத் திரண்டு தொங்குகிற வரைக்கும் பொறுத்தாள். மெஷின் ரத்தத்தைக் குடித்தது. காத்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் டாக்டரின் அறைக்கே போய்விட்டாள். இவர் நிற்பார், அக்கா ஒரு நாற்காலி, இவள் ஒரு நாற்காலி. வைதேகி அக்கா எப்படியும் கூட வருவாள், முட்டிவலிக்கு ஒரு வார்த்தை கேட்கிற சாக்கில். கீரை சாப்பிடுறீங்களாம்மா என்று டாக்டர் கேட்பார். இவர் வாயைத் திறப்பார். அப்போது பையிலிருந்து தாள்களை எடுத்து ஒவ்வொன்றாக மேஜைமேல் வைக்க வேண்டும், அவசரப்படாமல், சீட்டு விளையாடுகிற மாதிரி. டாக்டர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு இவரைப் பார்ப்பார். என்ன சார், நீங்கதானா என்பார். இல்லை, அது போதாது. படிச்ச மனுஷன் இப்படிப் பண்ணலாமா என்பார். அதுவும் போதாது. அந்தம்மா மேல பழி போட்டீங்களே சார் என்பார். அதுதான். அதை டாக்டர் வாயில் வைத்து இரண்டு மூன்று தரம் சொல்ல வைத்தாள். அக்காவின் முகத்தை அப்போது பார்ப்பதா, அவர் முகத்தைப் பார்ப்பதா என்பதில் கொஞ்சம் குழப்பம் இருந்தது. முதலில் அவர் முகம். துணிக்கு அடியில் மெஷின் கூவிற்று. ஒன்று புள்ளி மூன்று. இதுவரைக்கும் இப்படி ஒரு எண்ணை அவள் பார்த்ததே இல்லை. பொண்ணுக்கு வரன் அமைந்த அன்றைக்குக்கூட இப்படி ஒரு சந்தோஷம் வரவில்லை. இன்றையத் தாள் இன்னும் கைக்கு வரவில்லை, பத்துத் தாளையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மெஷினை டின்னுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவளாகக் காப்பிக்குப் பாலை வைத்தாள்.

குரல் நின்றது. மணி அடித்தது. ஹாலில் தாள் கிழிகிற சத்தம். வந்து நீட்டினார், வாங்கிக்கொண்டாள், பௌர்ணமி என்று போட்டிருந்தது. வழக்கமாக அப்படியே திரும்பிப் போகிறவர் போகவில்லை. நாமம் ஈரம் காயாத நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றார். கடையில் தராசு முள் நிலைக்கு வருகிற வரைக்கும் அப்படித்தான் நிற்பார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“அந்த டிக் டிக்க காணமே” என்றார்.

“எது?”

“உன் வால்வு. காலைலேர்ந்து சரியாக் கேக்கல. விடியக்காலையில ஃபேனை நிறுத்திட்டுக்கூடப் பாத்தேன். ஏதோ துணியில சுத்தி வச்ச மாதிரி இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல.”

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே கேட்டாள். ஃபிரிட்ஜ் இல்லை, அதுதான் குறைந்திருந்தது. ஒன்பது வருஷமாகக் காதுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த கடிகாரம், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி இவள் மணிக்கட்டைத் தேடிப் பார்க்கிற கடிகாரம், அடியில் எங்கேயோ மொத்து மொத்தென்று இருந்தது. டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கு நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள், சத்தம் மங்கினால் கட்டி படிகிறது என்று அர்த்தம், போட்டது போட்டபடி ஓடி வந்துவிடுங்கள் என்று. வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி இவர் கேட்டார், இது நிக்கவே நிக்காதா என்று. நின்னா நான் இருக்க மாட்டேன் என்றாள். மறுநாளே கட்டிலை ஹாலுக்கு மாற்றிக்கொண்டு போனவர், இத்தனை வருஷமும் அங்கே படுத்துக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டா இருந்தார்? ஃபேனை நிறுத்திவிட்டா? அவள் மனசு ஒரு நொடி வழுக்கிற்று. சட்டென்று பிடித்து நிறுத்தினாள். கரிசனம் இல்லை இது, செக்கிங். மாத்திரையை எண்ணினது மாதிரி இதையும் எண்ணியிருக்கிறார். இளகிவிட்டால் கார்த்திகை வீணாகப் போய்விடும். ஆனால் அதைவிட ஒரு பெரிய பயம் அதற்குள் வந்து கழுத்தைப் பிடித்தது. இப்போது செத்துப்போனால்? இடுப்பில் பத்துத் தாள், பின்னால் வெறும் எண்கள், அது என்ன எண் என்று ஒரு வார்த்தைகூட எழுதி வைக்கவில்லை. சாமான் சீட்டு என்று குப்பையில் போட்டுவிடுவார்கள். வாசலில் பாடையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது இவர் வந்தவர்களிடம் சொல்வார், மாத்திரைய ஒழுங்கா போட மாட்டா, நானும் எண்ணி எண்ணித்தான் குடுத்தேன். அக்கா தலையை ஆட்டுவாள். அதுதான் நிற்கும், கடைசி வரைக்கும் அதுதான் நிற்கும். சாகக் கூடாது. என்ன ஆனாலும் இன்றைக்குச் சாகக் கூடாது.

“ஆட்டோவக் கூப்பிடுங்க” என்றாள். அடுப்பை அணைத்தாள். பௌர்ணமித் தாளின் முதுகில் பேனாவால் ஒன்று புள்ளி மூன்று என்று எழுதி, மற்றதோடு சேர்த்தாள்.

ஆட்டோவில் அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நாடி பார்க்கிறாரா, விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்கிறாரா என்று தெரியவில்லை. மேம்பாலத்தில் ஏறும்போது அவளுக்கு மூச்சு இரைத்தது. அவர் குனிந்து, தணிந்த குரலில், ஆட்டோக்காரருக்குக் கேட்டுவிடாமல் கேட்டார்.

“நெஜத்தச் சொல்லு. நேத்து மாத்திரை போட்டியா?”

டாக்டர் அறை, மேஜை, அக்காவின் நாற்காலி எல்லாம் அந்த ஒரு கேள்வியில் காணாமல் போயின. காத்திருக்க அவளிடம் மூச்சு இல்லை. இடுப்பிலிருந்து தாள்களை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“பாருங்க. பின்னாடி இருக்கிறது என் ஐ.என்.ஆர். நப்பின்னை மெஷின் வாங்கிக் குடுத்திருக்கா. முன்பக்கத்தையும் பாருங்க. மூணு நாள் முன்னாடி என்ன திதின்னு எண்ணிக்குங்க. அன்னிக்கு நீங்க என்ன வாங்கிட்டு வந்து போட்டீங்கன்னு நெனச்சுக்குங்க.”

கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தார். புரட்டினார், எண்ணினார், உதடு அசைந்தது. பறக்காமல் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்த்தினார். நாலாவது தாளில் கை மெதுவாயிற்று. ஏழாவதில் அகத்தியா என்று தனக்குள்ளே சொன்னார். அவள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூச்சு பாதிதான் வந்தது, அந்தப் பாதி போதும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசித் தாளுக்கு வந்தார். நிமிர்ந்தார். முகத்தில் பழைய இன்ஸ்பெக்டர் திரும்பி வந்துவிட்டார்.

“இது இன்னியது. இதுக்கு மூணு நாள் முன்னாடி நான் திருவாரூர்ல இருந்தேன். வீட்டுல கீரையே இல்ல. இருந்தும் ஒண்ணு மூணுக்கு எறங்கியிருக்கு, இருக்கிறதுலயே இதுதான் கொறச்சல். அப்ப எப்படி? கீரை இல்ல செங்கமலம். மாத்திரைதான்.”

இத்தனை ஜாக்கிரதையாகத் தான் கட்டின கணக்கில் அவர் விரல் எங்கே போய் நிற்கிறது பார் என்று அவளுக்கு ஒரு நொடி மெச்சக்கூடத் தோன்றிற்று.

“நான் வாங்குனேன்” என்றாள். “ரெண்டு கட்டு.”

“நீ வாங்குனியா? அப்ப உனக்கும் இது தெரியாதுல்ல?”

“பங்குனிலயே தெரியும்.”

“தெரிஞ்சா சாப்பிட்ட?”

“அதுக்கு முன்னாடி நாலும் தெரிஞ்சுதான்.”

“ஏன்?”

“நீங்க நம்பணும்ல.”

அவர் வாயைத் திறந்தார். உதடு ஏதோ ஒரு சொல்லுக்காகக் குவிந்தது, வரவில்லை. இன்னொன்றுக்காக விரிந்தது, அதுவும் வரவில்லை. தாள்கள் மடியிலிருந்து ஒன்றிரண்டு சரிந்து காலடியில் விழுந்தன, அதைக்கூட அவர் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்த்திகையிலிருந்து அவள் பார்க்கக் காத்திருந்த முகம் அதுதான். நன்றாகப் பார்த்தாள். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றது, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு யாரோ வந்தார்கள். அவருக்கு இன்னும் வாய் வரவில்லை. ஒரு நிமிஷம் இருக்குமா இது என்று அவள் எண்ணிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் போதாது. அவளுக்கு ஒன்பது நாள் வேண்டும். அதைப் பார்க்க அவள் இருந்தாக வேண்டும். கீழே விழுந்த தாள்களைக் குனிந்து பொறுக்கிக்கொண்டு, அந்த மங்கின சத்தத்தை உள்ளே பிடித்துக்கொண்டே, சக்கர நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.